கிள்ளச் சொன்ன ராஜாத்தி

சென்னகிருஷ்ணன் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டு உள்ளே போயிருப்பான். திரும்பி வந்து பார்த்தால் வலது கால் செருப்பு மட்டும் இருக்கும். இடதைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் அது அவன் மனைவி ராஜாத்தியின் கையில்தான். பின்கட்டில் கோணியை விரித்து, விதைக்கென்று எடுத்து வைத்த கொத்தமல்லியைப் பரப்பி, செருப்பின் அடித்தோலால் தேய்த்துக்கொண்டிருப்பாள். ஓங்கி அழுத்தினால் உள்ளே இருக்கும் பருப்பு நசுங்கிவிடும். லேசாகத் தேய்த்தால் விதை உருண்டு ஓடிவிடும். அவள் கைக்கு மட்டும் ஒவ்வொன்றும் சரிபாதியாகப் பிளந்து கொடுக்கும். முழு விதையை அப்படியே மண்ணில் போட்டால் பாதிக்குமேல் தூங்கிவிடும், உடைத்துப் போட்டால் ஒன்றுக்கு இரண்டு முளை என்பது அவள் கணக்கு.

"கல்லுல தேச்சா மாவாயிடுது. கட்டையில தேச்சா வழுக்குது. இவுரு எடது காலு ரொம்பப் பதமான காலு" என்பாள். வலது கால் செருப்புக்கு என்ன குறை என்று கேட்டால், "அதுல ஆணி துருத்திக்கிட்டு நிக்குது. அதத் தைக்கச் சொல்லி மூணு வருசமாச் சொல்றன்" என்று பதில் வரும்.

மாமியார் மங்கம்மாவுக்கு இது அடுக்காது. "திங்கற பண்டத்துல செருப்பப் போட்டுத் தேய்க்கறாளே, வெளங்குமா?" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். "திங்கறதுக்கு இல்லத்த, வெதைக்கறதுக்கு. மண்ணு செருப்பப் பாத்து மூஞ்சி சுளிக்குமா?" என்பாள் ராஜாத்தி. ஆனாலும் அந்த மாதம் முழுக்க மங்கம்மா ரசத்தை ஒருமுறை முகர்ந்து பார்த்த பிறகுதான் இலையில் விட்டுக்கொள்வாள்.

ராஜாத்திக்கு வயது முப்பத்தைந்து இருக்கலாம். அவளிடமே கேட்டால் மூன்று மொழியில் மூன்று வயது சொல்லுவாள். பிறந்தது மத்தூர்ப் பக்கம். வாழ்க்கைப்பட்டது நாகேதொட்டியில். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி போகும் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ராகிக் கொல்லைகளின் ஊடே நடந்தால் வரும் ஊர் அது. தமிழ் மட்டும் தெரிந்த பெண்ணாக வந்தவள், இப்போது மாடுகளைத் தெலுங்கில் திட்டுகிறாள், பூனைகளைக் கன்னடத்தில் கொஞ்சுகிறாள். ஆனால் ஆட்களுக்கு வேலை சொல்வது மட்டும் இன்றுவரை மத்தூர்த் தமிழில்தான். வேலை சொல்லும்போது வேறு பாஷை பேசினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்கிறாள்.

குரலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ராஜாத்தி கூப்பிட்டால் பக்கத்து ஊர்க்காரன் 'வந்தேன்' என்பான். தொலைவிலிருந்து சொல்வதானால் சொல்லின் முதல் எழுத்தைப் பிடித்து ரப்பர்போல் இழுத்துவிடுவாள். 'மடையைத் திற' என்பது 'மா...டையத் திற' என்று நாலு கொல்லை தாண்டிப் போகும். ஒருமுறை அவள் சொன்னதைக் கேட்டு, தனக்குத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, பக்கத்துக் கொல்லை சென்றாயன் தன் மடையைத் திறந்துவிட்டு ராகியை மூழ்கடித்த கதையும் உண்டு. அந்தக் குரலுக்கு இந்தச் சரித்திரத்தில் ஒரு பெரிய பங்கு இருக்கிறது.

இன்னொரு குணம், அவளுக்கு எதையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. வீட்டில் ஏழு பூனைகள். ஒன்றையும் அவள் வளர்க்கவில்லை. அவை வந்தன, இருக்கின்றன. மத்தூரிலிருந்து உறவு என்று யார் வந்து இறங்கினாலும் உலை ஏறிவிடும். ரசத்துக்கு வதக்கியது போக மிஞ்சிய தக்காளி விதை குப்பையில் முளைத்தால், அதற்கும் பந்தல் போட்டுவிடுவாள். "வந்தத வேணாம்னு சொல்ல நாம யாரு?" என்பது அவள் வாயிலிருந்து அடிக்கடி விழும் வாக்கியம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. கொத்தமல்லிக் கொல்லையில்தான் அது காலை வாரிவிட்டது.

அவளுக்குக் கொத்தமல்லிமேல் ஏன் இத்தனை பிரியம் என்றால் யாருக்கும் தெரியாது. மத்தூரில் பிறந்த வீட்டில் கரிசல் துண்டு ஒன்றில் போடுவார்களாம். பூத்து நிற்கும்போது தேனீ மொய்க்குமாம். "அந்த ரீங்காரத்துல படுத்துத் தூங்கலாம். ராகிக் கொல்லையில போயி யாராவது தூங்க முடியுமா, எலி கடிக்கும்" என்பது அவள் வாதம். அவள் கூந்தலில் பூ இல்லாத நாள் உண்டு, கொத்தமல்லி வாசனை இல்லாத நாள் கிடையாது. ஓசூர் பஸ்ஸில் இவள் ஏறினால் கண்டக்டர் திரும்பிப் பார்க்காமலே, "நாகேதொட்டி ஒன்னு" என்று சீட்டைக் கிழிப்பாராம்.

சென்னகிருஷ்ணன் ராகிக்காரன். அவன் அப்பாவும் ராகி, தாத்தாவும் ராகி. களி தின்ற உடம்பு, கருங்கல் கம்பம். நல்ல மனிதன்தான், மனைவியிடம் குரல் உயர்த்தியவன் இல்லை. உயர்த்தியும் பயனில்லை, அவள் குரலுக்குக் கீழேதான் இருக்கும். இவன் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைப்பான், அவள் வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி திருப்புவாள். "கவலை ஓட்டறது அவுரு வேலை, கவலைப்படறது என் வேலை" என்று அவள் சொன்னால் அவனும் சிரிப்பான். ஆனால் கிணற்றடிக் கொல்லையைக் கொத்தமல்லிக்குக் கேட்டபோது அவன் சிரிக்கவில்லை.

கிணற்றடிக் கொல்லை அரை ஏக்கர்தான். ஆனால் அந்தக் குடும்பத்தின் நிலத்தில் ஈரம் நிற்கும் மண் அது ஒன்றுதான். ராகி போட்டால் கதிர் விரல்விரலாக மடங்கி நிற்கும். அதைப் போய் ரசத்துக்குப் போடுகிற சாமானுக்குக் கொடுப்பதா என்று அவனுக்கு மனம் பொறுக்கவில்லை. பெண்டாட்டி கேட்டதை மறுக்கவும் முடியவில்லை. மூன்று வருஷம் தருவதாகச் சொன்னான். மூன்றாவது வருஷம் களத்தில் நாலு மூட்டை கட்டிக் காட்டினால் கொல்லை அவளுக்கே. இல்லையென்றால் ராகி வரும், அதற்குப் பிறகு கொத்தமல்லிப் பேச்சே வீட்டில் எடுக்கக் கூடாது. மங்கம்மா சாட்சி.

முதல் வருஷம் முழு விதையாகப் போட்டு, தலை வழுக்கை விழுந்ததுபோல் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. களத்தில் ஒரு மூட்டை. அந்த வருஷத்து அவமானத்தில்தான் செருப்பு வித்தை பிறந்தது. இரண்டாம் வருஷம் உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஏர்ச்சால் பிடித்து வரிசையாகப் போட்டாள். போட்டது எல்லாம் முளைத்தது. ஒன்றுக்கு இரண்டாக முளைத்தது. எலும்பும் தோலுமாக ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கழுத்தை நீட்டி நீட்டி, பூக்கிற காலத்தில் ஒரு காற்றுக்கு மொத்தமும் சாய்ந்தது. இரண்டு மூட்டை.

"கொஞ்சத்தப் புடுங்கிப் போட்டாத்தான் மிச்சம் பொழைக்கும். ராகிக்கு நாம கலைச்சு விடறதில்லையா?" என்றான் சென்னகிருஷ்ணன். பயிருக்குப் பயிர் நடுவே எது ஓடும் அளவு இடம் விட வேண்டும் என்று அவன் ஒவ்வொரு வருஷமும் சொல்கிற பழமொழியையும் சொன்னான்: நண்டோட நெல்லு, நரியோடக் கரும்பு, வண்டியோட வாழை, தேரோடத் தென்னை.

"அதுல கொத்தமல்லி எங்க வருது? அந்தக் காலத்துப் பெரியவங்க ஒன்னும் தெரியாமயா விட்டாங்க? எறும்பு ஓடுனாப் போதும்" என்றாள் ராஜாத்தி. காற்றைக் குறை சொன்னாள். மார்கழிப் பனியைக் குறை சொன்னாள். கொல்லை ஓரமாக நடந்துபோன ஓர் அத்தையின் கண்ணைக் குறை சொன்னாள். முளைத்ததைப் பிடுங்க மட்டும் கை வரவில்லை. "மண்ணக் கீறிக்கிட்டு அதுவே வந்திருக்குது. அதப் போயி வேணாங்கறதா?"

மூன்றாவது வருஷம்தான் கடைசி. ஓசூர் மைசூருக்குப் போகுமா மதராசிலேயே இருக்குமா என்று டீக்கடை தோறும் பேச்சாக இருந்த வருஷம் அது. எல்லையைப் பெரிய மனிதர்கள் எங்கே வேண்டுமானாலும் போடட்டும், நாகேதொட்டியில் அன்றைய எல்லைத் தகராறு கொத்தமல்லிக்கும் ராகிக்கும்தான். ஊரில் பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம்.

அந்த வருஷம் அவளுக்குக் குருவாக வந்தது சென்றாயனின் ஆடு. வேலி தாண்டி வந்து கொல்லையின் ஓர் ஓரத்தை மேய்ந்துவிட்டுப் போய்விட்டது. ராஜாத்தி தெலுங்கில் திட்டித் தீர்த்தாள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஆடு கடித்த செடிகளில் கடித்த இடத்துக்குக் கீழே பக்கக் கிளைகள் நாலாபுறமும் வெடித்துக் கிளம்பியிருந்தன. கிளைக்கு ஒரு பூங்கொத்து என்றால் எத்தனை கொத்து! அன்று மாலை அவள் ஒரு களி உருண்டையை எடுத்துக்கொண்டு போய் அந்த ஆட்டுக்கு ஊட்டினாள். சென்றாயனுக்கு ஒன்றும் புரியாமல், ஆட்டை இரண்டு நாள் கட்டியே வைத்திருந்தானாம்.

கொழுந்துத் தலையைக் கிள்ளிவிட்டால் செடி அகலும், காய் கூடும். இது பிடிபட்டதும் அவளுக்குத் தூக்கம் போயிற்று. கொல்லை முழுவதையும் கிள்ளிவிட வேண்டும் என்று துடித்தாள். சென்னகிருஷ்ணனுக்கோ பயம். "தலையக் கிள்ளுனா எது பொழைக்கும் புள்ள? மொத்தமாப் போயிடுச்சுன்னா?" என்றான். கடைசியில் பேசிப் பேசி ஒரு ராசிக்கு வந்தார்கள். வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்று கிள்ளுவது. கிள்ளியது செத்தால் கிள்ளாதது இருக்கும்; கிள்ளியது பிழைத்தால் மற்றதையும் கிள்ளிக்கொள்ளலாம். இருவருக்கும் நியாயமாகப் பட்டது.

கிள்ளுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. அப்போது ஆனேக்கல் பக்கமிருந்து ராகி அறுப்புக்கு வந்திருந்த பெண்கள் சிலர் ஊரில் தங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி கெம்பம்மா. ராஜாத்தி வயதுதான் இருக்கும். வேலையில் சூறாவளி. தமிழ் பேசும் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. 'சோறு', 'தண்ணி', 'வா', 'போ' என்ற நாலு சொல்லுக்கு மேல் தமிழ் தெரியாது. அதனால் என்ன, கொத்தமல்லி கிள்ளப் பாட்டா பாட வேண்டும்?

கார்த்திகை மாதத்து ஒரு காலை. சென்னகிருஷ்ணன் ஓசூர்ச் சந்தைக்குப் போயிருந்தான். பெண்கள் கொல்லையின் அந்தக் கோடியில் வரிசை பிடித்து நின்றார்கள். கிட்டே போய் எப்படிக் கிள்ளுவது என்று ஒரு செடியில் காட்டிவிட்டு வரலாம் என்று ராஜாத்தி வரப்பில் காலை வைத்தாள். அதற்குள் வீட்டிலிருந்து கூப்பாடு. மத்தூரிலிருந்து சித்தப்பா குடும்பம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிவிட்டது. மங்கம்மா தனியாக என்ன செய்வாள்? வந்தவர்களை வேண்டாம் என்று சொல்ல இவள் யார்? வரப்பிலிருந்தே கையை உயர்த்தி, விரலால் காற்றைக் கிள்ளிக் காட்டி, தன் வழக்கப்படி இழுத்து ஒரு குரல் கொடுத்தாள்.

"கெம்பம்மா... ஒன்னு விட்டு ஒன்னு கீ...ளுங்க! ஒன்னு விட்டு ஒன்னு!"

கெம்பம்மா தலையை ஆட்டினாள். ராஜாத்தி வீட்டுக்கு ஓடினாள்.

கன்னடத்தில் 'கீளு' என்றால் பிடுங்கு என்று அர்த்தம். நாகேதொட்டியில் இது தெரியாத குழந்தை கிடையாது. ராஜாத்திக்கும் தெரியும், நன்றாகத் தெரியும். ஆனால் தன் தொண்டையில் 'கிள்ளு' என்பது இழுபட்டு இழுபட்டு என்னவாகிறது என்று யார்தான் நின்று கேட்டுக்கொள்கிறார்கள்?

உச்சிப் பொழுதில் தலையில் களிச் சட்டியும் இடுப்பில் குழம்பும் சுமந்து வந்தவள் வரப்பில் ஏறி அப்படியே நின்றுவிட்டாள். கொல்லை பாதியாகியிருந்தது. வரிசை வரிசையாக, ஒன்றுவிட்டு ஒன்று, வேரோடு போய்விட்டது. பிடுங்கியதைப் பிடிபிடியாகக் கட்டி, மண்ணை உதறி, வரப்பு நெடுகப் பச்சைப் பசேலென்று அடுக்கியிருந்தார்கள். கிழக்கு மூலையில் மட்டும் ஒரு பாய் அளவு இடம் பாக்கி. சாப்பிட்டுவிட்டு அதையும் முடித்துவிடுவதாக இருந்தார்கள்.

கெம்பம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். வேலை சுத்தமாக முடிந்த சந்தோஷம் முகத்தில். ராஜாத்தியின் முகத்தைப் பார்த்ததும் அது அணைந்தது.

"ஏன்டி... ஏன்டி இப்பிடிப் பண்ணீங்க?"

"நீவே ஹேளித்ரல்லா அக்கா, ஒந்து பிட்டு ஒந்து கீளி அந்தா!" நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறாள். காலையில் ராஜாத்தி கையை உயர்த்திக் காட்டியதையும் அப்படியே செய்து காட்டினாள். இழுப்புகூட மாறவில்லை: கீ...ளு!

ராஜாத்தி வாயைத் திறந்தாள். திட்டுவதற்கு அவளிடம் தெலுங்கு உண்டு, தாராளமாகவே உண்டு. ஆனால் எதிரே நிற்பது அவளுடைய குரலே. அதைத் திட்ட எந்த பாஷையில் வார்த்தை இருக்கிறது? சட்டியை இறக்கி வைத்தாள். "கையக் கழுவிக்கிட்டு வாங்க. களி ஆறுது" என்றாள். எல்லோருக்கும் களியில் குழி பறித்துக் குழம்பு ஊற்றினாள். பிறகு கிணற்று மேட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். மூன்று வருஷ ஆசை, அதில் பாதி வேரோடு வரப்பில் கிடந்தால் யாருக்குத்தான் தாங்கும்?

பாக்கி மூலையைத் தொட வேண்டாம் என்று மட்டும் தெரிவித்தாள். சைகையில்தான் சொன்னாள்.

சந்தையிலிருந்து திரும்பிய சென்னகிருஷ்ணன் வெகுநேரம் கொல்லையைப் பார்த்தான். "கிள்ளச் சொன்னியா, கொல்லையக் காலி பண்ணச் சொன்னியா?" என்றான். அவள் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது அவனுக்குப் பயமாக இருந்தது. "சரி, போவுது. நாளைக்கு ஏர் கட்டி ஓட்டிடறன். கொள்ளாவது வெதைச்சுக்கலாம்" என்றான் மெதுவாக.

அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது. "என்னாங்க, நாம பேசினது என்னா? களத்துல நாலு மூட்டைன்னுதான? களம் இன்னும் வரலையே. அதுக்குள்ள ஏரு எதுக்கு?"

அவன் மங்கம்மாவைப் பார்த்தான். மருமகளின் செருப்பு வித்தையை இரண்டு வருஷமாகத் திட்டிவந்தவள், "ஆமா, களம்னுதான் பேச்சு. நான் சாட்சி" என்றாள். ஏர் கொட்டகையிலேயே இருந்தது.

பிடுங்கிய செடியைப் பிடிபிடியாக வீட்டுக்கு வீடு கொடுத்தாள். கெம்பம்மாவே தலையில் சுமந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு வாரம் நாகேதொட்டி முழுக்கக் கொத்தமல்லித் துவையல். டீக்கடையில் மைசூர் பேச்சு நின்று, பெருங்காயம் வைப்பதா வேண்டாமா என்ற பேச்சு நடந்தது. சென்னகிருஷ்ணனும் களிக்குத் துவையல் தொட்டுக்கொண்டு, மறுமுறை தட்டை நீட்டினான். ராஜாத்திக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது, ஆனாலும் வைத்தாள்.

மிச்சம் நின்ற செடிகளை அவளே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, தன் கையால் தலை கிள்ளினாள். யாரையும் கூப்பிடவில்லை. வாயையும் திறக்கவில்லை. இனி ஒன்றுவிட்டு ஒன்று என்ற ராசியெல்லாம் கிடையாது, போவதானால் எல்லாம் போகட்டும் என்று ஒரு வீம்பு.

மார்கழி பிறந்ததும் கொல்லை வேறு பேச்சுப் பேசியது. நடுவே இடம் கிடைத்த செடிகள் முதலில் காலை நீட்டின, பிறகு கையை நீட்டின, அப்புறம் முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டன. தண்டு சுண்டுவிரல் கனம் ஆயிற்று. கிள்ளிய தலைக்குக் கீழே கிளையும், கிளையில் கிளையுமாகக் குடை பிடித்தது. காற்று வந்தால் ஊடே புகுந்து போயிற்று, ஒன்றும் சாயவில்லை. விடியற்காலைப் பனியில் சாம்பல் நோய் வந்துவிடக் கூடாதே என்று அவள் தினம் போய் இலையைத் திருப்பிப் பார்த்தாள். செடிகளுக்கு நடுவில் ஈரம் தேங்காததால் இலை சுத்தமாக இருந்தது. தை மாதத்தில் வெள்ளையும் ரோஜாவுமாகப் பூத்தது. தேனீ வந்தது. சென்னகிருஷ்ணன் மாட்டைத் தேடுகிறவன்போலத் தினம் இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்து போனான். மாடு கொட்டகையில்தான் கட்டியிருந்தது.

கிழக்கு மூலையில் பிடுங்காமல் விட்ட பாய் அளவு இடத்தில் மட்டும் பழைய கதையே நடந்தது. அதையும் அவள் தலை கிள்ளித்தான் இருந்தாள். இருந்தும் நெருக்கத்தில் கிளைக்க இடமில்லாமல், மஞ்சளாகி, மெலிந்து, ஒருநாள் மொத்தமாகப் படுத்துக்கொண்டது. ராஜாத்தி அங்கே போய் வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்து புருஷனிடம் மறைக்காமல் சொன்னாள்: "அந்த மூலை என் புத்தி. மிச்சக் கொல்லை கெம்பம்மா புத்தி."

"நண்டோட நெல்லுன்னு..." என்று அவன் ஆரம்பித்தான்.

"சரி சரி. பூனையோடக் கொத்தமல்லின்னு சேத்துக்குங்க" என்றாள். அவளுடைய பூனைகளில் ஒன்று அப்போது வரிசைகளுக்கு நடுவே வாலை நிமிர்த்திக்கொண்டு உலாவிக்கொண்டிருந்தது.

மாசியில் அறுவடை. வெயில் ஏறினால் காய் உதிரும் என்று பனி ஈரத்திலேயே செடியைப் பிடுங்கினார்கள். இதற்கும் கெம்பம்மாவுக்குத்தான் ஆள் போயிற்று. 'கீளு' என்று இந்த முறை ராஜாத்தி வேண்டுமென்றே சொன்னாள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். களத்தில் காயப்போட்டு, கழியால் அடித்து, முறத்தில் தூற்றிக் குவித்தபோது ஊரில் பாதி அங்கே கூடிவிட்டது. வாசனை அப்படி. நாலு மூட்டை தேறுமா என்று ஆளுக்கொரு கண் மதிப்புப் போட்டார்கள். தேறும் என்றான் சென்றாயன். தேறாது என்றார்கள் ராகிக் கட்சிக்காரர்கள். ராஜாத்தியின் உள்ளங்கை வேர்த்து, ஒட்டியிருந்த உமி அதில் பிசுபிசுத்தது.

சென்னகிருஷ்ணன் மரக்காலை எடுத்தான். குவியலின் தலையில் சாணிப் பிள்ளையார், பிள்ளையார் தலையில் அறுகம்புல். முதல் அளவை 'ஒன்று' என்று சொல்கிற வழக்கம் இல்லை. "லாபம்!" என்று கூவி முதல் மரக்காலை நிரப்பினான். அது சாமிக்கு. குவியலுக்கு முன்னால் வாழையிலை தயாராகப் போட்டிருந்தது.

ராஜாத்தி அவன் கையிலிருந்து மரக்காலை வாங்கினாள். இலைப் பக்கம் போகவில்லை. முறத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்த கெம்பம்மாவிடம் போய், "மடியப் பிடி" என்றாள். கெம்பம்மா விழித்தாள். ராஜாத்தி அவள் முந்தானையை இழுத்து விரித்துத் தலைதட்டிய மரக்காலை அப்படியே கவிழ்த்தாள்.

"அய்யய்யோ, சாமிக்கு?" என்றாள் மங்கம்மா.

"சாமிக்குக் கன்னடமும் தெரியுமத்த. கோவிச்சுக்காது" என்றாள் ராஜாத்தி.

சென்னகிருஷ்ணன் "ரெண்டு" என்று அளக்கத் தொடங்கினான். ஒரு மூட்டை நிமிர்ந்தது. இரண்டு நிமிர்ந்தது. மூன்றாவதைத் தட்டித் தட்டி அமுக்கித் தைத்தார்கள். நாலாவது மூட்டை பாதி ஏறியபோது குவியல் தரையோடு தரையாகிவிட்டது. பெருக்கி அள்ளினார்கள். பிள்ளையாரை எடுத்து வைத்துவிட்டு அவருக்குக் கீழே இருந்ததையும் அள்ளினார்கள். களம் சுத்தமாயிற்று. நாலாவது மூட்டை கழுத்துவரை வந்து, வாய் மட்டும் தொங்கிப்போய் நின்றது. இன்னும் ஒரு மரக்கால் விழுந்திருந்தால் அதுவும் நிமிர்ந்திருக்கும்.

ராகிக் கட்சி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது.

கெம்பம்மாவுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் தொங்குகிற மூட்டை வாயைப் பார்த்தால் புரியாதா? ஊர்முழுக்க நாலு, நாலு என்று பேசியது காதில் விழாமலா இருக்கும்? மடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று வந்தாள். "தொகொள்ளி அக்கா", எடுத்துக்கொள்ளுங்கள் என்று முந்தானை நுனியை அவிழ்த்து மூட்டை வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

ராஜாத்தி குனிந்து, மூட்டையின் வாயை இரண்டு உள்ளங்கையாலும் இறுக மூடிக்கொண்டாள். தலையை நிமிர்த்தவில்லை. ஒரு மணிகூட உள்ளே விழ இடம் இல்லாதபடி விரல்களை ஒட்டி வைத்திருந்தாள்.

பிறகு சென்னகிருஷ்ணன் கோணி ஊசியில் சணலைக் கோத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து குந்தினான்.

"கைய எடு புள்ள" என்றான். "நாலாவது மூட்டையத் தைக்கணும்."

கெம்பம்மா மடியைத் திரும்ப முடிந்து இடுப்பில் செருகிக்கொள்ளும்வரை ராஜாத்தி கையை எடுக்கவில்லை.